லாசர் ஞானமுத்து இந்தியாவுக்கு ஆடாத கதை

போன வாரம் நம் தெருக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் எதிர் வீட்டு இரட்டையரில் மூத்தவன் ஒரு குரல் பதிவு போட்டான். கேட்டிருப்பீர்கள். அவன் மகன் வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் போக வர இந்தப் பெங்களூர் டிராஃபிக்கில் நிற்கும் நேரத்திலேயே ஒரு ஹாக்கி லீக்கைக் கம்ப்யூட்டரில் எழுதிவிட்டானாம். ஆட்டக்காரர்களை நாம் உண்டாக்கிக் கொடுத்தால் போதும். ஆட்டத்தை அதுவே ஆடிக்கொள்ளும், வயதையும் அதுவே கூட்டிக்கொள்ளும். "சின்ன வயசுல காக்ஸ் டவுன்ல டைஸ் உருட்டி ஆடுனோமே, அதே லீக்தான் மச்சா. என்னா ஜாலியா இருந்துச்சு இல்ல அப்போ!" என்று முடித்திருந்தான். உடனே ஆளாளுக்கு இதயம் போட்டீர்கள்.

ஜாலியாக இருந்ததாம். எனக்கு அன்று காபியே இறங்கவில்லை.

ஐம்பதைத் தாண்டிய கூட்டம் நாம். யாருக்கு என்ன மாத்திரை, எந்த முட்டியில் வலி என்பதெல்லாம் குழுவில் அத்துப்படி. ஆனால் அந்த லீக் எப்படி முடிந்தது என்று மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை. "பாப்பா அழுதா, அதோட நின்னுபோச்சு" என்று இரட்டையரில் சின்னவன் எழுதியிருக்கிறான். அழுதேன், உண்மைதான். ஏன் அழுதேன் என்பதை அவன் எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு நகரலாம்.

லீக்கை உண்டாக்கியவன் என் அண்ணன். அவன் அப்போது பி.யு.சி. இரண்டாம் வருஷம். நான் ஆறாவது, இரட்டையர்கள் ஏழாவது. அண்ணன் நிஜ ஹாக்கியில் சென்டர் ஹாஃப். செம்மண் மைதானத்தில் ஆடிவிட்டு வந்தால் அவன் காலுறையை அம்மா தனி வாளியில்தான் ஊறவைப்பார். அந்த ஜனவரியில் மாநில ஜூனியர் கேம்ப்புக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா அனுப்பவில்லை.

"பரீட்சை முடியட்டும். ஹாக்கி எங்கயும் போயிடாது. அடுத்த வருஷம் போலாம்" என்றார்.

"ஜூனியருக்கு எனக்கு இதான்ப்பா கடைசி வருஷம்" என்றான் அண்ணன்.

"அதெல்லாம் பேசிக்கலாம்."

அப்பா பொல்லாதவர் இல்லை. தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்து, ஓவர்டைம் செய்து எங்களை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கவைத்தவர். அவருக்குத் தெரிந்த எல்லாமே காத்திருந்தால் கிடைக்கும் வகையைச் சேர்ந்தவை: குவார்ட்டர்ஸ், பிரமோஷன், கேஸ் கனெக்‌ஷன், டெலிபோன். எல்லாவற்றுக்கும் பதிவுசெய்து வைத்துவிட்டுக் காத்திருப்பார், ஒரு நாள் அது வந்துவிடும். ஹாக்கியையும் அவர் அந்த வரிசையில்தான் வைத்திருந்தார் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டிலேயே இருக்கிறான் என்பது மட்டும்தான். அதில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

மூன்றாவது ஞாயிறோ நாலாவது ஞாயிறோ இல்லை, கேம்ப் போகாத அந்த முதல் ஞாயிறே அவன் என் லூடோ பெட்டியிலிருந்து இரண்டு பகடைகளை எடுத்துக்கொண்டான். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. சிவப்புக்கு ஒரு மூலை உடைந்திருக்கும். அதனால் நிற்பதற்கு முன் ஒரு நொடி சொக்கி ஆடும். பழைய கிறிஸ்துமஸ் கார்டுகளை நறுக்கி, ஆட்டக்காரருக்கு ஒரு அட்டை என்று வைத்தான். முன்பக்கம் பெயர், வயது, பகடையில் விழுந்த எண்களாக ஓட்டம், அடி, தடுப்பு. பின்பக்கம் எவனோ ஒரு மேய்ப்பனின் தலைப்பாகையோ பாதி நட்சத்திரமோ இருக்கும். எனக்கு ஒரு அணி, இரட்டையர்களுக்கு ஒரு அணி, எல்லா அட்டைகளும் ஒரு பிஸ்கட் டின்னில். அந்த டின்னைத் திறந்தால் வெண்ணெய் வாசனையும் பென்சில் வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் எங்காவது அது வந்தால் எனக்குச் சுர்ரென்று கோபம்தான் வருகிறது.

ஆட்டக்காரர்களுக்குப் பெயர் எங்கிருந்து எடுத்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? கோயில் பெஞ்சுகளிலிருந்து. இன்னார் நினைவாக இன்னார் குடும்பத்தார் அளித்தது என்று ஒவ்வொரு பெஞ்சிலும் சின்னப் பித்தளைத் தகடு இருக்கும். பிரசங்கம் நடக்கும்போது நாம் தகடுகளைப் படித்துக்கொண்டிருப்போம். இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தால் நாலு புது ஆட்டக்காரர் தேறிவிடுவார்கள். லாசர் ஞானமுத்து எனக்குக் கிடைத்தது பாவமன்னிப்புக் கேட்கும் கூண்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில். தகட்டில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

எல்லாத் தகடும் செத்தவர்களுடையது என்று நினைத்திருந்தோம். அங்கேதான் இரட்டையர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய ரைட் விங்காக இருந்தவருக்கு ஒரு வாரம் பகடையில் இரண்டு ஒன்று விழுந்தது. இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால் காயம். அடுத்த ஞாயிறு அதே பெஞ்சில் கையில் மாவுக்கட்டோடு ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். தகட்டில் இருந்தது அவருடைய பெயரேதான். பெஞ்சு கொடுத்தவரே அவர்தான், நினைவாக என்று எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. இரட்டையர்கள் அன்று நற்கருணை வாங்கக்கூடப் போகவில்லை. மத்தியானமே அந்த அட்டையைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, தாத்தா பிழைக்க வேண்டும் என்று ஜெபம் சொன்னார்கள். அவர் அதற்குப் பிறகு வெகுகாலம் நன்றாகத்தான் இருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் மறந்துவிட்ட விதி ஒன்று இருந்தது. ஒரு ஞாயிறு, ஒரு வயது. இரண்டாம் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், கறிக்குழம்பு கொதிக்கும் வாசனையில், அண்ணன் டின்னைத் திறந்து எல்லா அட்டையிலும் பழைய வயதை அடித்துப் புது வயது எழுதுவான். இருபதில் ஆரம்பம். முப்பத்துநாலில் ரிடையர். நாலு ஞாயிற்றுக்கு ஒருமுறை ஒலிம்பிக்ஸ். அதற்கு, லீக்கில் அதிகக் கோல் போட்டவர்களைக் கொண்டு அண்ணன் இந்திய அணியைப் படிப்பான். எழுந்து நின்று, ரேடியோக்காரர் குரலில்.

லாசருக்கு அண்ணன் முதல் தடவை உருட்டியபோது ஓட்டம் ஆறு, அடி ஆறு, தடுப்பு ஐந்து. இரட்டையரில் மூத்தவனுக்கு மூஞ்சி தொங்கிப்போயிற்று. முன்வரிசையில் லெஃப்ட் இன் ஆடவைத்தேன். முதல் ஞாயிறே இரண்டு கோல். எங்கள் வீட்டுச் சிவப்புத் தரையில், நாற்காலிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில், அவன் ஓடிவருவதை நான் கண்ணால் பார்த்தேன். கொஞ்சம் குனிந்து ஓடுவான். ஸ்டிக்கைச் சற்றுக் கீழே பிடிப்பான். யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன், பார்த்தேன்.

இருபத்துநாலு வயதில் முதல் ஒலிம்பிக்ஸ் வந்தது. லீக்கிலேயே அவன்தான் அதிகக் கோல். ஆனால் அதற்கு முந்தின ஆட்டத்தில் இரண்டு ஒன்று விழுந்து முழங்கால் போயிற்று. நான் சிவப்புப் பகடையை ஜன்னல் வழியாக வீசி எறிந்தேன். அண்ணன் போய்க் குரோட்டன்ஸ் செடிக்கு அடியில் தேடி எடுத்துவந்தான்.

"இருபத்தெட்டுல இன்னொரு சான்ஸ் இருக்கில்ல பாப்பா, இன்னாத்துக்கு அழற? அப்பத்தான் அவன் ஃபுல் ஃபார்ம்ல இருப்பான்" என்றான்.

அதை நம்பினேன். லாசர் தேறி வந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. ஒவ்வொரு ஞாயிறும் கோல். அடுத்த ஞாயிறு இருபத்தெட்டு, ஒலிம்பிக்ஸ், அண்ணன் எழுந்து நின்று அவன் பெயரைப் படிக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. பள்ளியில் கணக்கு டீச்சர் அடித்தால்கூட உறைக்கவில்லை.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபமாலைக் கூட்டம். முன்னறையில் பெரியவர்கள் முழங்காலில் நிற்க, பின்னறையில் நாம் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். இரட்டையரில் சின்னவன், "போடு, போடு, ஆறு போடு!" என்று கத்தினான். ஆமாம், நீதான். ஜெபமாலையின் மூன்றாம் தேவ ரகசியத்துக்கு நடுவில் அது தெரு முழுக்கக் கேட்டது. கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மாள், சிலுவைக்கு அடியில் சேவகர்கள் பகடை உருட்டி ஆண்டவரின் ஆடைகளைப் பங்கு போட்டதை அப்பாவுக்கு நிதானமாக எடுத்துச் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவின் காது சிவந்துபோயிற்று.

மறுநாள் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். மாலையில் நெற்றியில் சாம்பலோடு எல்லோரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இரட்டையர்களும் கஞ்சி குடிக்க வந்திருந்தார்கள். அப்பா இரண்டு பகடைகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தவக்காலம் முடியற வரைக்கும் இந்தச் சேவகர் வேலை என் வீட்ல வேணாம். நாப்பது நாள்தானே? டைஸ் எங்கயும் போயிடாது. ஈஸ்டருக்கு அப்புறம் ஆடிக்கங்க."

"டைஸ் போவாதுப்பா. வயசு போவும்" என்றான் அண்ணன்.

"யாரு வயசுடா?"

"ப்ளேயருங்க வயசு. ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு. ஆடினாலும் ஏறும், ஆடலைனாலும் ஏறும்."

அப்பா சிரித்துவிட்டார். "கார்டுல இருக்கறவனுக்கு இன்னாடா வயசு? நிறுத்தி வையி."

"நிறுத்த முடியாதுப்பா. ரூல் அப்படி."

அப்படி ஒரு ரூல் அதுவரை இல்லவே இல்லை. அந்த நிமிஷத்தில் அந்த மேஜையில் பிறந்தது அது. நான் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். இருபத்தெட்டு ஒலிம்பிக்ஸ் வருகிற ஞாயிறு. ஆட்டம் இல்லையென்றால் ஒலிம்பிக்ஸும் கிடையாது. அடுத்தது முப்பத்திரண்டில், அதுவும் தவக்காலத்துக்குள். ஈஸ்டருக்குச் சரியாக முப்பத்துநாலு. அப்போது அவன் ரிடையர்! பதினொரு வயதில் கணக்கில் நான் மட்டம் என்று எந்த டீச்சர் சொன்னது? நொடியில் போட்டேன் அந்தக் கணக்கை.

பகடை இல்லாவிட்டால் புத்தகத்தைப் பிரித்துப் பக்க எண் பார்த்து ஆடலாம் என்று இரட்டையரில் மூத்தவன் சொன்னான். "தியாகம்னா தியாகம்தான். அதுல குறுக்கு வழி பாக்காதீங்க" என்றார் அம்மா. அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் துரோகம் செய்துவிட்டு என் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கோயிலில் சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தியிருக்கும். வீட்டில் கறி கிடையாது. அண்ணன் மட்டும் டின்னைத் திறந்து, ஒரு அட்டை விடாமல் வயதை ஏற்றுவான். லாசருக்கு இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. இருபத்தெட்டுக்கு மேல் ஓட்டம் குறையும் என்று விதி. பகடை இல்லாததால் வாரத்துக்கு ஒன்று என்று நேராகவே கழித்தான். ஒரு பந்தைக்கூடத் தொடாமல் என் லாசர் மூச்சு வாங்க ஆரம்பித்தான். இரட்டையர்களுக்கு என்ன, அவர்கள் அணியில் அப்போதுதான் நாலு புதுப் பையன்கள் சேர்ந்திருந்தார்கள். "எங்க ஆளுங்க ஈஸ்டருக்கு கரெக்டா செட் ஆயிடுவானுங்க, சக்கத்தா இருக்கும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அதைத்தான் இன்றைக்கு ஜாலி என்கிறார்கள்.

ஐந்தாம் ஞாயிறு வாசகம் வந்தது. செத்து நாலு நாளான லாசரை ஆண்டவர் கல்லறையிலிருந்து வெளியே வரச் சொன்ன வாசகம். சாமியார் அதைப் படித்தபோது லாசர் பெயர் இருந்த பெஞ்சுத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே என்னுடையவன் சாகக்கூட இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறான், அவனை எழுப்பிவிட ஆளில்லை. வீட்டுக்குப் போனதும் முப்பத்திரண்டு என்று எழுதினான் அண்ணன். அன்று நடக்க வேண்டிய ஒலிம்பிக்ஸ் நடக்கவில்லை. நான் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். குருத்து ஞாயிறு அன்று ஓலைக் குருத்தால் அவன் முதுகில் ஒன்று போட்டதுதான் எங்களுக்குள் நடந்த ஒரே பேச்சுவார்த்தை.

ஈஸ்டர் ஞாயிறு. பூசை முடிந்து, பிரியாணி தம்மில் இருக்கும்போது அப்பா பகடைகளை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். புதுச் சட்டை, நல்ல உற்சாகம். "இந்தாங்க சேவகர்களே, உருட்டுங்க" என்று சொல்லி, வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் லீக்கைப் பார்க்கத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"உன் ஆளு எங்கம்மா? அதான், ரொம்ப கோல் போடுவானே?"

"ரிடையர் ஆயிட்டான்" என்றேன்.

"ஆடவே இல்ல, அதுக்குள்ள இன்னா ரிடையர்?"

அண்ணன் லாசரின் அட்டையை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தான். "வயசு ஆயிடுச்சுப்பா."

அப்பா அட்டையைப் பார்த்தார். அடித்து அடித்து எழுதிய வயதுகளைப் பார்த்தார். திருப்பி, பின்பக்கத்துப் பாதி நட்சத்திரத்தையும் பார்த்தார். "புள்ள அழுவுதுடா. பேஜார் பண்ணாத. ஒரு ரப்பர் எடுத்து அழிச்சுட்டு இருபத்தேழுன்னு எழுது."

"முடியாதுப்பா. எல்லாருக்கும் ஒரே ரூல்."

"விளையாட்டுக்கு எதுக்குடா இவ்ளோ பிடிவாதம்? வேற ஆள உண்டாக்கிக்கோம்மா, நான் உருட்டித் தரேன். நல்ல நம்பரா விழும் பாரு."

எனக்கு வேறு ஆள் வேண்டாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. சின்னவன் எழுதியிருக்கும் அழுகை இதுதான். அண்ணன் டின்னை மூடினான். அதற்குப் பிறகு அவன் அதைத் திறக்கவே இல்லை. அடுத்த வருஷம் அவன் ஜூனியர் வயதைத் தாண்டியிருந்தான். சீனியரில் ஆட, நடுவில் ஒரு வருஷம் விட்டவனை யார் கூப்பிடுவார்கள்? அவனுடைய ஸ்டிக் மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நின்று மழையில் உளுத்துப்போயிற்று. டின்னில் அம்மா பித்தான்கள் போட்டுவைத்தார். அட்டைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் போன கிறிஸ்துமஸுக்கு என் ஃபிளாட்டில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், உங்களில் இருவர் அங்கே இருந்தீர்கள். அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். காது மந்தம், மற்றபடி திடம். அண்ணன் பாங்கிலிருந்து ரிடையர் ஆன வருஷம் அது. வந்தவர்களிடம் அப்பா பெருமையாகச் சொன்னார்: "இவன் ஸ்டேட்டுக்கு ஆட வேண்டியவன். படிப்புதான் முக்கியம்னு இவனே வுட்டுட்டான். அந்த வயசுலயே அவ்ளோ பொறுப்பு."

எல்லோரும் தலையாட்டினார்கள், நீங்கள் இருவரும்தான். அண்ணன் குனிந்து கேக் வெட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன் எங்கப்பா வுட்டான்? நீங்கதான் அனுப்பல!" என்றேன். காது கேட்க வேண்டுமே என்று உரக்கவே சொன்னேன்.

அப்பா என்னை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார். "நானா? நான் வேணாம்னு சொல்லவே இல்லையேம்மா. அடுத்த வருஷம் போன்னுதானே சொன்னேன். இவன் போவல."

"கேக் எடுத்துக்கங்கப்பா" என்றான் அண்ணன்.

எண்பத்தைந்து வயது மனிதரிடம் இதற்குமேல் என்ன பேச? அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போது குழுவில் எல்லோரும் ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டீர்கள், நான் மட்டும் பாக்கி. தலைவராக மறுபடியும் அண்ணனையே போட்டிருக்கிறீர்கள். நேற்று அவனுக்கு போன் செய்து, லாசருக்கு என்ன வயது போடுவது என்று கேட்டேன். கேட்கும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"இருபத்தேழுன்னே போட்டுக்கோ பாப்பா" என்றான் உடனே. "அந்தத் தவக்காலத்த கழிச்சுடலாம்."

இத்தனை வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத அன்னிக்கே சொல்றதுக்கு உனக்கு இன்னா?"

போனில் அவன் வீட்டு குக்கர் விசில் கேட்டது.

"அன்னிக்கு அப்பா எதிர்ல உட்கார்ந்திருந்தாரு" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். லாசருக்கு இருபத்தேழு என்று போட்டால், நிறுத்தி வைத்தது அப்படியே இருந்தது, அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். அப்பா சொன்னது சரி என்று ஆகிவிடும். என்னால் அது முடியாது. மூத்தவனின் மகன் கேட்டிருந்தபடி என் ஆட்டக்காரரைப் பற்றி இன்று காலை குழுவில் எழுதிவிட்டேன், பார்த்திருப்பீர்கள்:

லாசர் ஞானமுத்து. லெஃப்ட் இன். ஓட்டம் ஆறு, அடி ஆறு, தடுப்பு ஐந்து. ரிடையர் ஆகிவிட்டார். இந்தியாவுக்கு ஆடவில்லை.

கம்ப்யூட்டர் இதை ஏற்காது ஆன்ட்டி, வயது போட்டால்தான் ஏற்கும் என்று அந்தப் பையன் பதில் போட்டிருக்கிறான். இதயம் யாரும் போடவில்லை. அண்ணன் பார்த்துவிட்டான் என்பதற்கு நீல டிக் மட்டும் வந்திருக்கிறது.